ஜாக்கி: பாட்டிலா, டிராலியா?

ஜாக்கி வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை டன் தூக்கும்?" என்பதுதான். வீட்டில் சின்னக் கார் வைத்திருப்பவருக்கு அந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை. சுவிஃப்ட் போன்ற காரின் எடையே ஏறத்தாழ 900 கிலோ. ஒரு சக்கரத்தைக் கழற்ற ஒரு மூலையைத் தூக்கும்போது ஜாக்கியின் மேல் வருவது அதில் ஒரு பங்குதான். 2 டன் என்று எழுதிய ஜாக்கி எதுவும் அதைத் தூக்கிவிடும். காருக்கு அடியில் எவ்வளவு இடம் இருக்கிறது, ஜாக்கிக்கு அடியில் என்ன தரை இருக்கிறது என்ற இரண்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டிக்கியில் கம்பெனி வைத்துத் தரும் திருகு ஜாக்கியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. வழியில் பஞ்சரானால் ஸ்டெப்னி மாற்ற அது போதும். வீட்டில் அடிக்கடி வேலை பார்ப்பவருக்கு ஆகாது.

பாட்டில் ஜாக்கி, டிராலி ஜாக்கி இரண்டுக்கும் உள்ளே இயங்கும் விதி ஒன்றே. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்டது அது. 1795இல் ஜோசப் பிராமா அதைக்கொண்டு ஹைட்ராலிக் அழுத்தப்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். 1851இல் நியூயார்க்கின் ரிச்சர்ட் டட்ஜன், கையோடு எடுத்துப்போகும் ஹைட்ராலிக் ஜாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். பாட்டில் ஜாக்கியில் சிலிண்டர் நின்றபடி நேராக மேலே தள்ளும். டிராலியில் அது படுத்தபடி ஒரு கையை உந்த, அந்தக் கை காரை உயர்த்தும். மற்ற வேறுபாடுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

நிற்கிற சிலிண்டருக்கு உயரம் வேண்டும். இறக்கி வைத்த நிலையிலேயே பாட்டில் ஜாக்கி பெரும்பாலும் 16 முதல் 20 செ.மீ. இருக்கும். நம் ஊர்ச் சின்னக் கார்களின் தரை இடைவெளியே 16, 17 செ.மீ.தான். டயரில் காற்று இறங்கிவிட்டால் அதுவும் குறையும். ஜாக்கி உள்ளே நுழையாது. சாதாரண டிராலி 13, 14 செ.மீ. உயரத்தில் படுத்துக்கொள்ளும். தாழ்வான வகைகள் 10 செ.மீ.க்கும் கீழே போகும்.

டிராலியின் பெரிய லாபம் அதன் நீளம். முன்பக்கம் இரு சக்கரங்களுக்கும் நடுவே உள்ள உறுதியான குறுக்குச் சட்டம் வரை அது போகும். அங்கே வைத்துத் தூக்கினால் ஜாக்கி வைக்கவென்று இரண்டு பக்கமும் கொடுத்திருக்கும் ஜாக்கி பாயின்ட்டுகள் காலியாக இருக்கும். தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டுகளை அந்தப் பாயின்ட்டுகளில் நிறுத்தலாம். எந்த இடம் தாங்கும் என்பதை மட்டும் காரோடு வந்த கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், ஆயில் சம்ப்பில் முட்டுக் கொடுத்துவிடாதீர்கள். பாட்டில் ஜாக்கியோ பக்கவாட்டு ஜாக்கி பாயின்ட்டையே பிடித்துக்கொள்ளும். பிறகு ஸ்டாண்டை எங்கே வைப்பது? அதன் சிறிய வட்டத் தலை, அங்கே இருக்கும் மெல்லிய தகட்டு விளிம்பை மடக்கிவிடவும் செய்யும். டிராலியிலும் அந்த விளிம்பில் வைக்க நேர்ந்தால் நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் கட்டை போட வேண்டும்.

இறக்கும்போதும் டிராலியே மேல். கைப்பிடியைத் திருகினால் போதும், தள்ளி நின்றே இறக்கலாம். பாட்டிலில் வால்வு அடிப்பாகத்தில் இருப்பதால் காரின் ஓரமாகக் குனிந்து திருக வேண்டும். இதை ஏனோ கடைக்காரர்கள் சொல்வதேயில்லை.

தரை என்று வந்தால் நிலைமை மாறும். டிராலியின் கை வில்வளைவாக உயர்வதால் அதன் தலை கைப்பிடிப் பக்கம் நகரும். அதற்கு ஈடாக ஜாக்கி காருக்கு அடியில் உருண்டாக வேண்டும். சிமென்ட் தரையில் அது தானாக நடக்கும். மண்ணிலும் சரளையிலும் சின்னச் சக்கரங்கள் புதைந்து நின்றுவிடும், தலை வழுக்கும். டைல்ஸ் போட்ட போர்ட்டிகோவில் சக்கரத்துக்கு அடியில் ஒட்டுப்பலகை போடாவிட்டால் டைல்ஸ் விரிசல் விடலாம். மண் தரையில் கெட்டியான பலகையின் மேல் நிமிர்ந்து நிற்கும் பாட்டில் ஜாக்கிக்கு அந்தத் தொல்லை இல்லை. லாரி ஓட்டுநர்கள் அதையே வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: வண்டி உயரம், அடியில் தடித்த ஆக்சில், நிற்கும் இடம் சாலையோரம்.

ஆகவே சேஸிஸ் மேல் கட்டிய பொலேரோ, ஸ்கார்ப்பியோ வைத்துக்கொண்டு மண் முற்றத்தில் வேலை பார்ப்பவருக்குப் பாட்டில் ஜாக்கிதான் சரி. பின் ஆக்சிலுக்கு அடியில் நேராக வைக்கலாம், விலையும் குறைவு, சீட்டுக்கு அடியில் கிடக்கும். நிமிர்த்தி வைப்பது நல்லது; சாய்ந்து கிடந்தால் ஆயில் கசியும். சிமென்ட் தரையும் சின்னக் காரும் உள்ளவர் டிராலிக்கே போகலாம். எதிலும் ஆயில் குறைந்தால் ஜாக்கி ஆயிலே ஊற்றுங்கள். பிரேக் ஆயில் உள்ளே இருக்கும் சீலைக் கெடுத்துவிடும்.

எந்த ஜாக்கியானாலும் சீல் ஒன்று போனால் வண்டி சட்டென்று இறங்கும். அதனால் ஹேண்ட் பிரேக் போட்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்டில் இறக்கிய பிறகே அடியில் போக வேண்டும். சின்னக் காருக்கு 3 டன் ஜாக்கி வாங்க நினைப்பவர்கள் 2 டன்னோடு நிறுத்திக்கொண்டு, மிச்சப் பணத்தில் ஒரு ஜோடி ஸ்டாண்டு வாங்கிவிடுங்கள்.