ஈஸ்டருக்குப் பிறகு ஐம்பது நாள்

போன வருஷம் உயிர்ப்புத் திருவிழா முடிந்து அடுத்த ஞாயிறு. சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருந்த அண்ணன் மகளோடு பூசைக்குப் போயிருந்தேன். பீடத்துக்குப் பக்கத்தில் பெரிய பாஸ்கா மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. "ஈஸ்டர்தான் முடிஞ்சிருச்சே சித்தப்பா, இதை ஏன் இன்னும் எடுக்கல?" என்று காதோரம் கேட்டாள். "பெந்தகோஸ்து வரைக்கும் இருக்கும்மா, ஐம்பது நாள் கணக்கு" என்றேன். "ஏன் ஐம்பது?" என்றாள். பூசை நேரத்தில் எப்படிச் சொல்வது? அவளுக்குச் சொல்ல வேண்டியதை உங்களுக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

தவக்காலத்தின் நாற்பது நாளைத் தெரியாதவர் கிடையாது. ஒருசந்தி, சிலுவைப்பாதை, பெரிய வெள்ளி என்று ஊரே கணக்கு வைத்திருக்கும். அதைவிட நீளமானது ஈஸ்டருக்குப் பின்னால் வரும் பாஸ்கா காலம். அதை யாரும் எண்ணுவதில்லை. ஆனால் முதன்முதலில் விரல்விட்டு எண்ணப்பட்டது இந்த ஐம்பதுதான். எண்ணியவர்கள் நம்மை மாதிரி சம்சாரிகள்.

1908இல் பாலஸ்தீனத்தின் கேசேர் என்ற இடத்தில் தோண்டும்போது உள்ளங்கை அளவில் ஒரு சுண்ணாம்புக் கல் கிடைத்தது. ஏறக்குறைய மூவாயிரம் வருஷப் பழசு. இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த ஊர் வெள்ளாமைப் பட்டியல்தான் அதில் பொறித்திருக்கிறது. இத்தனை மாதம் விதைப்பு, ஒரு மாதம் ஆளி அறுப்பு, ஒரு மாதம் வாற்கோதுமை அறுப்பு, அடுத்து இன்னொரு அறுப்பும் விருந்தும் என்று போகிறது. அந்தக் கடைசி அறுப்பு கோதுமை அறுப்பு.

வாற்கோதுமை முந்தி விளையும், கோதுமை பிந்தி விளையும். இரண்டுக்கும் நடுவே உள்ள காலம்தான் நம்ம ஐம்பது நாள். லேவியர் நூலில் சட்டமே இருக்கிறது. பாஸ்காவை ஒட்டி வரும் ஓய்வுநாளுக்கு மறுநாள், முதல் கதிர்க்கட்டைக் குருவிடம் கொண்டுபோக வேண்டும். அவர் அதை ஆண்டவர் முன்னிலையில் ஆட்டிக் காட்டுவார். அதுவரை புதுத் தானியத்தை வாயில் வைக்கக் கூடாது. அன்றிலிருந்து ஏழு வாரம் எண்ணி, ஐம்பதாம் நாள் புதுக் கோதுமையில் சுட்ட இரண்டு அப்பங்களைப் படைக்க வேண்டும். பெந்தகோஸ்து என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஐம்பதாவது என்றுதான் பொருள். இணைச்சட்ட நூல் இன்னும் நேராகச் சொல்கிறது: நிற்கிற பயிரில் அரிவாள் வைத்த நாளிலிருந்து எண்ணச் சொல்கிறது.

ஏன் எண்ண வேண்டும்? பயம்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். அந்த ஊரில் கோதுமை அறுப்பு நேரத்தில் மழை பெய்யக் கூடாது. பெய்தால் அது தண்டனை. சாமுவேல் இறைவாக்கினர் மக்களை உணரவைக்க, கோதுமை அறுப்பு அன்று இடியும் மழையும் கேட்டார் என்று எழுதியிருக்கிறது. அது எப்பேர்ப்பட்ட மிரட்டல் என்று களத்தில் தானியம் போட்டவனுக்குத்தான் புரியும்.

எனக்குப் புரிந்த கதையையும் சொல்கிறேன். எங்கள் டெல்டாவில் தை மாதம் சம்பா அறுப்புக்கு முன்னாலேயே ஈரத்தில் உளுந்து தெளித்துவிடுவோம். பங்குனியில் நெத்து காய்ந்துவிடும். ஒரு வருஷம் புனித வாரத்தில் செடியைப் பிடுங்கிக் களத்தில் போட்டிருந்தேன். பெரிய வியாழன் ராத்திரி பிடித்த மழை இரண்டு நாள் விடவில்லை. உயிர்ப்பு ஞாயிறு காலையில் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால், நெத்துக்குள்ளேயே முளை விட்டிருந்தது. ஊரெல்லாம் அல்லேலூயா பாடிக்கொண்டிருக்க, நான் களத்தில் நின்றேன். அறுப்பு மெஷின் பிந்தி வந்ததால் இன்னொரு வயலில் பத்து நாள் தாமதமாகத் தெளித்திருந்தேன். அது பச்சையாக நின்றதால் தப்பித்தது. விடுதலைப் பயண நூலில் எகிப்தின் கல்மழையைப் பற்றி இதே சங்கதி வருகிறது. கதிர் விட்டிருந்த வாற்கோதுமை போனது, பிந்தி விளையும் கோதுமை பிழைத்தது. பல தடவை கேட்ட வாசகம்தான், அன்றைக்குத்தான் காதில் ஏறியது.

எருசலேமில் பாஸ்கா தேதியைக்கூட வானத்தை மட்டும் பார்த்து வைக்கவில்லை. வாற்கோதுமை முற்றியிருக்கிறதா என்று வயலையும் பார்த்தார்கள். முற்றாவிட்டால் ஒரு மாதம் கூட்டிக்கொள்வார்கள். கி.பி. 325இல் நைசேயா சங்கம், கிறிஸ்தவர்கள் எல்லோரும் ஒரே ஞாயிறில் கொண்டாட வேண்டும், யூதர் கணக்கைச் சார்ந்திருக்க வேண்டாம் என்று முடிவு செய்தது. மார்ச் 21 அல்லது அதற்குப் பின் வரும் பௌர்ணமி, அதற்கடுத்த ஞாயிறு என்று விதி நிலைபெற்றது. அதனால்தான் ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவே நகர்ந்துகொண்டே இருக்கிறது. இப்படித் திருவிழா வயலை விட்டு அட்டவணைக்குப் போனது.

ஆனாலும் சம்சாரிகள் விடவில்லை. 5ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் வியன் நகர ஆயர் மமேர்த்துஸ், விண்ணேற்றப் பெருவிழாவுக்கு முந்தைய மூன்று நாளை நோன்பும் மன்றாட்டுப் பவனியுமாக நடத்தினார். 511இல் ஓர்லேயான் சங்கம் அந்த நாடு முழுக்க அதை ஏற்படுத்தியது. காலப்போக்கில் அது வயல் வரப்புகளைச் சுற்றிப் பயிரை மந்திரிக்கும் பவனியானது. ரோமில் ஏப்ரல் 25 அன்று இன்னொரு பவனி உண்டு. அதே தேதியில்தான் பழைய ரோமானியர் கோதுமைத் துரு நோய்க்கான தேவதைக்கு நாயைப் பலியிட்டு வந்தார்கள். பலி நின்றது, துரு நோய் நிற்கவில்லை, வேண்டுதலும் நிற்கவில்லை. 1969 நாட்காட்டிச் சீர்திருத்தத்தில் ஏப்ரல் 25 பவனி எடுக்கப்பட்டது. மற்ற மன்றாட்டு நாட்களை அந்தந்த நாட்டு ஆயர்களின் பொறுப்பில் விட்டார்கள்.

இப்போது அண்ணன் மகளின் கேள்விக்கு வருகிறேன். உயிர்த்த இயேசுவைப் பவுல் முதற்கனி என்கிறார். பட்டணத்தில் இருப்பவர்களுக்கு அது அழகான ஒரு சொல். எங்களுக்கு அது களத்துச் சொல். முதல் கட்டு வீடு வந்தது என்றால் அறுப்பு முடிந்தது என்று அர்த்தமில்லை, இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. மிச்சப் பயிர் முழுக்க இன்னும் வெளியில், மழைக்கும் காற்றுக்கும் நடுவே நிற்கிறது. கையில் ஒரு கட்டை வைத்துக்கொண்டு, மிச்சமும் வரும் என்று நம்பி எண்ணுகிற நாட்கள்தான் இந்த ஐம்பது. செத்துப்போன எங்கள் அப்பாவும் அந்த மிச்சப் பயிரில்தான் இருக்கிறார் என்று நான் நம்புகிறேன்.

பெந்தகோஸ்து மே 10க்கும் ஜூன் 13க்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் வரலாம். எங்களுக்கு அது குறுவைக்காக மேட்டூர் நீர்மட்டத்தைப் பேப்பரில் பார்க்கிற காலம். ஜூன் 12இல் அணை திறக்குமா, திறக்காதா?

மெழுகுதிரி அதுவரை எரியட்டும்மா. நாங்களும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறோம்.