மாதிரித் தலைக்கவசம்

மாதிரித் தலைக்கவசம் என்பது இடைக்கால ஐரோப்பாவின் நைட் எனப்பட்ட குதிரைவீரர்கள் அணிந்த இரும்புத் தலைக்கவசத்தைப் போலவே, காட்சிக்காகச் செய்யப்படும் பிரதி ஆகும். 13 ஆம் நூற்றாண்டின் வாளி வடிவக் கவசம் இவற்றுள் பலரும் அறிந்தது.

மாதிரி என்றாலே அலங்காரப் பொருள் என்று கொள்ளலாகாது. இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராலயத்தில், 1376 இல் இறந்த 'கருப்பு இளவரசர்' எட்வர்டின் கல்லறைக்கு மேல் தொங்குவது மாதிரியே. மூலக் கவசத்தைப் பாதுகாக்கும் பொருட்டு 1954 இல் இம்மாற்றம் செய்யப்பட்டது. மறுபுறம், 19 ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட மாதிரிகள் சில பின்னர் பழம்பொருள் என்றே விற்கப்பட்டதும் உண்டு.

இரண்டையும் பிரித்தறியத் தகட்டின் தடிமன் உதவும். பழைய கவசம் கையால் அடித்து உருவாக்கப்பட்டதால் தடிமன் இடத்துக்கு இடம் மாறும். அடி விழும் முன்புறம் தடித்திருப்பதுண்டு. ஆலைத் தகட்டில் செய்த மாதிரியிலோ அது ஏறத்தாழச் சீராக இருக்கும்.

இந்தியாவில் தேராதூன் நகரின் விண்ட்லாஸ் நிறுவனம் இவற்றைச் செய்து ஏற்றுமதி செய்கிறது. 1943 இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் முதலில் கூர்க்கா படையினருக்குக் குக்கிரிக் கத்திகளைச் செய்தது.

காட்சி மாதிரிகள் பெரும்பாலும் ஏறத்தாழ 1.2 மி.மீ. மென்னெஃகுத் தகட்டால் ஆனவை. நாடக மேடைக்கு இது போதும்; உண்மையான வாள்வீச்சைத் தாங்கும் என நம்பி அணிதல் ஆபத்தானது. கடற்கரை ஊர்களில் விரைவில் துருப்பிடிக்கும் என்பதால் எண்ணெயோ மெழுகோ பூசி வைப்பர்.