கார் இன்ஷூரன்ஸ் பிரீமியம்: ரசீதுக்குள் இருக்கும் சரித்திரம்



கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் வருடத்துக்கு ஒரு முறை போனில் அந்தக் குறுஞ்செய்தி வரும்: உங்கள் பாலிசி இன்னும் சில நாட்களில் முடிகிறது. உங்களுக்கும் மேல்மாடிக்காரருக்கும் ஒரே மாடல் கார், வாங்கியதும் ஒரே வருடம்தான். ஆனாலும் அவருக்கு ஒரு தொகை, உங்களுக்கு வேறு தொகை. ஏஜென்டைக் கேட்டால், "சிஸ்டத்துல அப்படித்தான் வருது சார்" என்பார். அந்த சிஸ்டத்துக்குள் சுமார் எண்பது வருடச் சரித்திரம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் எங்கே பணத்தை மிச்சம் பிடிக்கலாம், எங்கே மிச்சம் பிடிக்கவே கூடாது என்பது விளங்கும்.

லண்டனில் கணக்காளர் பயிற்சி பெற்ற ஜே.சி. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்த ஊர் நம் டி. கல்லுப்பட்டி. கணக்கைப் பிரித்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. பிரித்துப் பார்த்தால் பிரீமியம் ரசீதில் முக்கியமாக இரண்டு கணக்குகள் இருக்கும். ஒன்று தேர்டு பார்ட்டி, அதாவது நம் காரால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது. மற்றது ஓன் டேமேஜ், அதாவது நம் காருக்கே ஏற்படும் சேதத்துக்கானது. முதலாவதன் விலையை அரசு நிர்ணயிக்கிறது. இரண்டாவதன் விலையைக் கம்பெனிகள் போட்டி போட்டு நிர்ணயிக்கின்றன.

சட்டம் வந்த நாள்

பிரிட்டனில் 1930-ஆம் ஆண்டுச் சட்டம் தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 1939-இல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. ஆனால் அதன் இன்ஷூரன்ஸ் அத்தியாயம் உலக யுத்தம் முடிந்த பிறகு, 1946 ஜூலை 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. கார் வைத்திருந்தவர்கள் அன்று மிகச் சிலர். ரோட்டில் நடந்தவர்களும் மாட்டு வண்டியில் போனவர்களும்தான் அதிகம். அடிபட்டவர் குடும்பம் கார்க்காரரின் பணப்பையை நம்பி நிற்கக் கூடாது என்பதே சட்டத்தின் நோக்கம். அதனால்தான் இன்றுவரை நாம் கட்டும் இந்தப் பணத்தின் பயன் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகிறது.

அந்தக் காலத்தில் தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஏராளம். நம் மதுரை டி.வி.எஸ். குடும்பத்தார் நடத்திய மெட்ராஸ் மோட்டார் அண்டு ஜெனரல் இன்ஷூரன்ஸும் அவற்றில் ஒன்று. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1973 ஜனவரி 1 முதல் 107 நிறுவனங்கள் தேசியமயமாகி நான்காக ஒடுங்கின. கல்கத்தாவில் நேஷனல், பம்பாயில் நியூ இந்தியா, டெல்லியில் ஓரியண்டல், மெட்ராஸில் யுனைடெட் இந்தியா.

ஒரே அட்டவணை

கம்பெனி நான்கு என்றாலும் விலை ஒன்றுதான். டாரிஃப் அட்வைசரி கமிட்டி என்ற அமைப்பு கட்டண அட்டவணை போடும். அதிலிருந்து ஒரு பைசா கூட்டவோ குறைக்கவோ முடியாது. 2002 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த அட்டவணையில் தனியார் காரின் ஓன் டேமேஜ் விகிதத்துக்கு மூன்று அளவுகோல்கள்: இன்ஜின் எத்தனை சிசி, காருக்கு எத்தனை வயது, எந்த ஊரில் பதிவானது.

ஊர் என்பது இரண்டே மண்டலம். சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத், புனே ஆகிய எட்டு நகரங்களும் 'ஏ'. மற்ற இந்தியா முழுவதும் 'பி'. மதுரையின் டி.என். 58, 59, 64 மூன்றும் பி மண்டலம்தான். 1000 முதல் 1500 சிசி வரையுள்ள, ஐந்து வயது தாண்டாத காருக்கு ஏ மண்டலத்தில் 3.283 சதவீதம், பி மண்டலத்தில் 3.191 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. மகன் சென்னையில் பதிவு செய்த கார் நம் ஊரில் நின்றாலும் அதற்கு ஏ மண்டல விகிதம்தான். பதிவு செய்த இடம்தான் கணக்கு, நிறுத்தும் இடம் அல்ல.

இந்தச் சதவீதம் எதன் மேல்? ஐ.டி.வி. என்னும் மதிப்பின் மேல். வங்கியில் இருந்தவனுக்கு இது பழகிய தேய்மானக் கணக்கு. ஷோரூம் விலையில் ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஒரு வருடத்துக்குள் 15, இரண்டுக்குள் 20, மூன்றுக்குள் 30, நான்குக்குள் 40, ஐந்துக்குள் 50 சதவீதம் கழியும். பிரீமியம் குறையட்டும் என்று ஐ.டி.வி.யை இன்னும் கீழே இறக்கச் சொல்கிறவர்கள் உண்டு. கார் திருடுபோனால் கிடைப்பதும் அந்த இறங்கிய தொகைதான் என்பதை அன்று யோசிப்பதில்லை.

கதவு திறந்தது

இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையச் சட்டம் 1999-இல் வந்தது. அடுத்த ஆண்டே தனியாருக்கு உரிமம் கொடுத்தார்கள். முதல் உரிமம் பெற்ற தனியார் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் சென்னையின் ராயல் சுந்தரமும் ஒன்று. 2007 ஜனவரி 1 அன்று ஓன் டேமேஜ் கட்டணத்தின் கட்டுப்பாடு நீங்கியது. அன்று முதல் அந்தப் பாதியில் பேரம் பேச இடம் உண்டு. இன்றும் பல நிறுவனங்கள் அந்தப் பழைய அட்டவணையில் தொடங்கி, அதில் இத்தனை சதவீதம் தள்ளுபடி என்றுதான் காட்டுகின்றன. உங்களுக்கும் மேல்மாடிக்காரருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்தத் தள்ளுபடியிலும் நோ க்ளெய்ம் போனஸிலும்தான்.

தேர்டு பார்ட்டிக்குக் கட்டுப்பாடு நீங்கவில்லை. நடுத்தர காருக்கு, அதாவது 1000 முதல் 1500 சிசி வரை, 2007-இல் அது 800 ரூபாய். 2022 ஜூன் 1 முதல் 3,416 ரூபாய். 1000 சிசிக்குள் 670-ஆக இருந்தது 2,094 ஆனது. 1500 சிசிக்கு மேல் 2,500-ஆக இருந்தது 7,897 ஆனது. எல்லா வருடமும் ஏறியது என்றும் சொல்ல முடியாது. 2018-இல் சிறிய காருக்கு 2,055-லிருந்து 1,850-ஆக இறங்கியது. மின்சாரக் காருக்கு 15 சதவீதத் தள்ளுபடியும் உண்டு. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் இதே விலைதான். இதில் சலுகை தருகிறேன் என்று யாராவது சொன்னால் உஷாராக இருங்கள்.

ஏன் இவ்வளவு ஏறியது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ராஜபாளையம் ரோட்டில் ஒரு விபத்து. இறந்தவருக்கு 30 வயது. சொந்தமாகத் தொழில் செய்து மாதம் 20,000 ரூபாய் சம்பாதித்தவர். மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என்று அவரை நம்பி நான்கு பேர். தவறு முழுவதும் கார் ஓட்டியவர் மீது.

வருட வருமானம் 2,40,000. 2017-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு வகுத்தபடி, 40 வயதுக்கு உட்பட்டவர் என்பதால் எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தால் 3,36,000. அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்தால் 2,52,000. 2009-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி அந்த வயதுக்குப் பெருக்கல் எண் 17. ஆக 42,84,000 ரூபாய். ஈமச் செலவு முதலியவை தனி.

பாலிசி இருந்தால் இதைக் கம்பெனி கட்டும். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் தேர்டு பார்ட்டியில் உச்சவரம்பு கிடையாது. பாலிசி இல்லாவிட்டால் காரின் உரிமையாளர் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கலெக்டர் மூலம் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய ஃபிளாட்டும் அந்தக் கணக்கில் வந்து நிற்கும். 3,416 ரூபாயை இந்த 42 லட்சத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உரிமையாளர் நொடித்துப்போனால், அடிபட்ட குடும்பத்துக்கும் ஒன்றும் மிஞ்சாது.

இந்த ஆபத்தை நாட்டின் கவனத்துக்குக் கொண்டு வந்ததில் நம் தமிழ்நாட்டு டாக்டர் ஒருவருக்குப் பெரும் பங்கு உண்டு. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில்தான், சுமார் 18 கோடி வாகனங்களில் 6 கோடிக்கு மட்டுமே தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் இருப்பதாக 2018-இல் நீதிமன்றத்தின் பார்வைக்கு வந்தது. அதன் விளைவாக 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று வருடம், புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்து வருடம் தேர்டு பார்ட்டி பிரீமியத்தை மொத்தமாகக் கட்ட வேண்டும் என்றானது. ஷோரூமில் பில் பெரிதாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓட்டுகிறவர் யார்?

பிரிட்டன் போன்ற நாடுகளில் ஓட்டுநரின் வயது, விபத்து வரலாறு, வீட்டு பின்கோடு எல்லாம் விலையை மாற்றும். ஆண், பெண் வித்தியாசம்கூடப் பார்த்தார்கள். ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பால் அது 2012 டிசம்பர் 21 முதல் நின்றது. நம் பழைய அட்டவணை காரைத்தான் பார்த்தது, ஓட்டுகிறவரின் வயதைக் கேட்கவில்லை. ஒழுங்காக ஓட்டுகிறவருக்கு நம் முறையில் உள்ள ஒரே பெரிய பரிசு நோ க்ளெய்ம் போனஸ். முதல் வருடம் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, 50 வரை. இது ஓன் டேமேஜ் பகுதிக்கு மட்டும்.

எட்டு லட்சத்துக்கு வாங்கிய 1200 சிசி காருக்கு நான்கு வருடம் ஆகிறது, ஒரு முறையும் க்ளெய்ம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வருட ஐ.டி.வி. 4,00,000 என்றால் அட்டவணைப்படி ஓன் டேமேஜ் 12,764 ரூபாய். 45 சதவீத போனஸ் 5,744 ரூபாய். இந்த நேரத்தில் கேட்டில் உரசி பம்பர் போய், 6,000 ரூபாய்க்கு மாற்றுகிறீர்கள். பிளாஸ்டிக்குக்குப் பாதி தேய்மானம், கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். கையில் வருவது 2,000 ரூபாய். அதற்காக 5,744-ஐ விடுவதா? கம்பெனி தள்ளுபடி தரும்போது இந்த எண் சிறுக்கும், ஆனாலும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டே க்ளெய்ம் போடுங்கள்.

வரியும் உண்டு. 1994 ஜூலையில் சேவை வரி பிறந்தபோது முதலில் மாட்டிய மூன்று சேவைகளில் பொதுக் காப்பீடும் ஒன்று. அப்போது 5 சதவீதம். 2017 முதல் காருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 2025 செப்டம்பரில் தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு வரி நீங்கியது. காருக்கு நீங்கவில்லை.

நாம் செய்ய வேண்டியது

நம் வளாகத்தில் சில கார்கள் மாதக்கணக்கில் உறை போட்டபடி நிற்கின்றன. "ஓடாத காருக்கு எதற்கு?" என்று பாலிசியை விட்டுவிடாதீர்கள். முடிந்த நாளிலிருந்து 90 நாள் தாண்டினால் சேர்த்து வைத்த போனஸ் போய்விடும். பாலிசி இல்லாமல் ஒரே ஒரு நாள் திருமங்கலம் வரை எடுத்தாலும், மேலே போட்ட 42 லட்சக் கணக்கு நமக்குப் பொருந்தும். அபராதமும் முதல் முறை 2,000 ரூபாய்.

குறைவாக ஓட்டுகிறவர்களுக்கு, ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்பக் கட்டும் முறையை 2022-இல் ஒழுங்குமுறை ஆணையம் அனுமதித்திருக்கிறது. பென்ஷன்காரர்கள் அதை விசாரிக்கலாம். காரை விற்றால் போனஸை விட்டுவிடாதீர்கள். அது காருக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. சான்று வாங்கி வைத்தால் மூன்று வருடத்துக்குள் வாங்கும் காருக்கு மாற்றிக்கொள்ளலாம். சென்னையில் பிள்ளைகள் இருந்தால், அடித்தளத்தில் நிற்கும் காருக்கு இன்ஜின் பாதுகாப்புச் சேர்க்கை இருக்கிறதா என்று கேளுங்கள். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து இன்ஜின் கெட்டால் சாதாரண பாலிசி தராது.

ஓன் டேமேஜில் நான்கு இடம் விசாரித்து, பேசிக் குறையுங்கள். தேர்டு பார்ட்டியில் ஒரு நாள்கூட இடைவெளி விடாதீர்கள். இதழைப் படித்து முடித்ததும் பாலிசியை எடுத்து, முடிவுத் தேதியைச் சமையலறைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். ரசீதில் ஏதாவது வரி புரியவில்லை என்றால், மாலையில் கீழே வரும்போது கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.