இன்று யார் முறை?

தமிழில் 'முறை' என்ற ஒரே சொல் பல வேலை பார்க்கிறது. 'இன்று யார் முறை?' என்றால் வரிசை. 'அவர் உனக்கு என்ன முறை?' என்றால் உறவு. அரசன் முறை செய்தான் என்றால் நீதி. அது பிசகும்போது மக்கள் கொண்டுபோவது முறையீடு. யார் எப்போது வேலைக்கு இறங்குவது என்ற கேள்வியை நியாயத்திலிருந்து பிரித்துப் பார்க்காதவர்கள் புழங்கிய சொல் இது. அந்தக் கேள்விக்கு இன்று மென்பொருளும் பதில் சொல்கிறது. செவிலியர், கடை ஊழியர், கிடங்குத் தொழிலாளர் போன்றோருக்கு ஷிப்டு போட்டுக்கொடுக்கும் மென்பொருள்கள் இன்று புதுப்புது வசதிகளுடன் வருகின்றன. ஒருவர் தன் ஷிப்டைச் சக ஊழியரோடு செல்போனிலேயே மாற்றிக்கொள்ளலாம். வர முடியாத நாட்களை முன்கூட்டியே பதியலாம். இரண்டு ஷிப்டுக்கு நடுவே ஓய்வு குறைந்தால் செயலி எச்சரிக்கும். எந்த மணிக்குக் கூட்டம் வரும் என்று கணித்து எத்தனை ஆள் தேவை என்றும் சொல்லும். இவற்றில் கணிப்பு மட்டும்தான் புதிது. மற்றவற்றின் சாரத்தை ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியை ஒட்டிய மன்னார் வளைகுடாக் கரை நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. ஒரு முறை நிலைக்க வேண்டுமானால் அது எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும், அதன் காரணம் அதில் நிற்பவருக்குப் புரிய வேண்டும், அதை மறுத்துப் பேச அவருக்கு இடம் இருக்க வேண்டும். இந்தக் கடற்கரையின் வரலாறு காட்டுவது இந்த மூன்றைத்தான்.

முதலில் முத்துக்குளிப்பை எடுத்துக்கொள்வோம். ஏர்வாடிக்குப் பக்கத்து ஊரான கீழக்கரையின் குளிகாரர்கள் மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் பெயர் பெற்றவர்கள். இலங்கைக் கரையில் அரிப்பு என்ற இடத்தை ஒட்டி நடந்த குளிப்பை ராபர்ட் பெர்சிவல் 1803இல் வெளியான தன் நூலில் விவரிக்கிறார். இரவு பத்து மணி வாக்கில் பீரங்கி முழங்கும். படகுகள் கரைக்காற்றில் பாயெடுத்து விடியுமுன் முத்துச்சிப்பிப் பார் சேரும். ஒவ்வொரு படகிலும் படகுத் தலைவனான தண்டல் நீங்கலாக இருபது பேர். பத்துப் பேர் துடுப்புப் போடவும் கயிறு இழுக்கவும், பத்துப் பேர் குளிக்கவும். அந்தப் பத்துப் பேரும் ஒன்றாக இறங்குவதில்லை. ஐந்து பேர் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்குவார்கள். அவர்கள் மேலே வந்து மூச்சு வாங்கும்போது அடுத்த ஐவர் இறங்குவார்கள். நண்பகல் வாக்கில் கடற்காற்று எழுந்ததும் வேலை முடிந்தது. அதே காற்று படகுகளைக் கரைக்குக் கொண்டுவரும். வேலை தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் காற்று வைத்தது; நடுவில் ஓய்வின் அளவை மூச்சு வைத்தது. இன்றைய செயலி எண்ணாக வைத்திருக்கும் ஓய்வு இடைவெளி அன்று நுரையீரலின் கணக்காக இருந்தது. மேற்பார்வையாளர் எவரும் அதைச் சுருக்கியிருக்க முடியாது, சுருக்கினால் சிப்பி மேலே வராது.

குளிகாரர்கள் சுதந்திரமானவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. பீரங்கி அரசுடையது, பாரும் அரசுடையது, சிப்பியின் பெரும்பங்கும் அரசுக்கே போனது. ஆனாலும் ஒரு விஷயத்தில் அவர்கள் வைத்ததே சட்டம். சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டி வந்து மந்திரம் சொல்லாமல் அவர்கள் நீரில் இறங்க மாட்டார்கள். அதை மூடநம்பிக்கை என்று கருதிய ஆங்கில அதிகாரிகளே கடல்கட்டிகளுக்குக் கூலி கொடுத்து வைத்துக்கொண்டார்கள். மந்திரத்துக்குச் சுறா கட்டுப்பட்டதா என்பது வேறு கேள்வி. ஆபத்தான வேலையில் 'இன்று இறங்க மாட்டோம்' என்று சொல்லும் உரிமை அந்தச் சடங்குக்குள் பத்திரமாக இருந்தது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

அடுத்த சான்று இன்றும் கண்முன் நடப்பது. ஏர்வாடியிலிருந்து பாம்பன் சின்னப்பாலம் வரை கரையோர ஊர்ப் பெண்கள் பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று இனம் பிரித்து அறிந்தவர்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு பாறை இடுக்கில் மூழ்கிப் பறிக்கும் வேலை. இவர்களுடைய ஷிப்டை நிலா போடுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் அதிகம் வற்றும்; வற்றும் நேரமும் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். 1986இல் தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரையுள்ள 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா ஆனபின் வனத்துறையின் கெடுபிடி வந்தது. அதற்கு இந்தப் பெண்கள் சொன்ன பதில் வெறும் எதிர்ப்பாக நிற்கவில்லை. மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, இரும்புச் சுரண்டியை விட்டுக் கையால் பறிப்பது என்று தங்களுக்குத் தாங்களே வரம்பு வைத்துக்கொண்டார்கள். இந்த முயற்சிக்காகச் சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் தீவுச் சூழல் பாதுகாப்புக்கான சீக்காலஜி பரிசு கிடைத்தது. எந்த நாள் வேலை, எந்த நாள் இல்லை என்று அறிய இவர்களுக்கு எந்த அறிவிப்பும் தேவையில்லை, வானத்தைப் பார்த்தால் போதும். வரம்பின் காரணமும் தெளிவு: இன்று வேரோடு சுரண்டினால் அடுத்த பௌர்ணமிக்குப் பாசி இருக்காது.

மூன்றாவது சான்று ராமேஸ்வரம் தீவின் வடபுறத்தில், பாக் விரிகுடாவில் இருக்கிறது. 1960களுக்குப் பின் இழுவலை விசைப்படகுகள் பெருகியபோது நாட்டுப்படகுகளின் வலைகள் அறுபட்டன, கைகலப்புகள் மூண்டன. 1983இல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையோரம் மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு வரக் கூடாது என்று இடத்தைப் பிரித்தது. ஆழம் குறைந்த, குறுகலான பாக் விரிகுடாவில் இடத்தைப் பிரித்தால் மட்டும் போதவில்லை. நாளையும் பிரிக்க வேண்டியிருந்தது. திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு, மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. விசைப்படகுகள் மீன்வளத் துறையின் அனுமதி டோக்கன் பெற்றுத்தான் கிளம்ப வேண்டும். நூற்றுக்கணக்கான படகுகள், பல துறைகள், எதிரும் புதிருமான இரு தரப்புகள். இத்தனைக்கும் நடுவே நிற்கும் அட்டவணை ஏழு கிழமைப் பெயர்களில் முடிந்துவிடுகிறது. சிறுவனும் மனப்பாடமாகச் சொல்லக்கூடியது என்பதால், மீறுபவரையும் எல்லோரும் உடனே அடையாளம் காண முடிகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பழைய முறைகளை இப்படிப் புகழ்வது, அவற்றுக்குள் இருந்த சாதியை மறைப்பதாகாதா? ஆகும்தான், மறைத்தால். ராமநாதபுரச் சீமையின் கண்மாய்களில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிய நீர்ப்பாய்ச்சிகள் பெரும்பாலும் நிலமில்லாத தலித்துகள். தண்ணீரைப் பங்கிடும் பொறுப்பு அவர்களுடையது, தண்ணீர் பாய்ந்த நிலம் பிறருடையது. பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்கும் இடத்தைச் சீட்டுக் குலுக்கிச் சுழற்சியில் கொடுத்த 'பாடு' முறை உள்ளே இருந்தவர்களுக்கு அப்பழுக்கற்றது. ஆனால் சீட்டில் பெயர் எழுதப்படும் தகுதி ஒரு சமூகத்துக்கே இருந்தது, வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அது பூட்டிய கதவு. ஆகவே வரிசை நேராக இருப்பது மட்டும் நீதியாகிவிடாது. வரிசையில் யாரை நிற்கவிட்டார்கள் என்பதும் சேர வேண்டும். இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை, அதன் மூன்றாவது நிபந்தனையை இன்னும் கூர்மையாக்குகிறது. மறுத்துப் பேசும் இடம் உள்ளே இருப்பவருக்கு மட்டும் உரியதாக இருந்தால் போதாது.

இன்னொரு மறுப்பு: கிழமை வைத்த முறையெல்லாம் மீறப்படத்தானே செய்கிறது, கருவி இல்லாமல் எப்படிக் காப்பது? மீறல் உண்மை. மூன்று நாளில் வாரக் கடனைப் பிடித்தாக வேண்டிய விசைப்படகு எல்லை தாண்டிப் போகிறது. அங்கே யாழ்ப்பாண, மன்னார்த் தமிழ் மீனவரின் வலை அறுபடுகிறது. 2010 ஆகஸ்டில் இரு கரை மீனவர்களும் சென்னையில் கூடி, இந்திய இழுவைப் படகுகள் இலங்கைக் கடலில் ஆண்டுக்கு 70 நாள் மட்டும் தொழில் செய்வது, படிப்படியாக நிறுத்துவது என்று பேசி முடித்தார்கள். கடலின் இரு பக்கத்தாரும் தாங்களே எழுதிய அந்த முறை அரசுகளின் ஆதரவு இல்லாமல் காகிதத்திலேயே நின்றது. கருவி உதவும் இடமும் உண்டு. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சுருக்குமடி வலைக்கு 12 கடல் மைலுக்கு அப்பால் திங்கள், வியாழன் இரு நாள் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை இடைக்கால அனுமதி தந்தபோது, படகில் கண்காணிப்புக் கருவி இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. ஆனால் ஒப்புக்கொண்ட முறையைக் காவல் காக்கும் கருவி வேறு, முறையையே தீர்மானிக்கும் கருவி வேறு.

ஷிப்டு மென்பொருள் இந்த இரண்டில் எது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பல்லாயிரம் பேருக்கு மரத்தடியில் கூடி முறை போட முடியாது, கணக்குப் போட இயந்திரம் வேண்டும் என்பது சரியே. ஆனால் நம் தொழிற்சாலைகள் சட்டம் 1948இலேயே 61ஆம் பிரிவில் வேலைநேர அறிவிப்பை எல்லோரும் பார்க்கும்படி மாட்டச் சொன்னது. 63ஆம் பிரிவு, மாட்டியதற்கு மாறாக ஆளை வேலை வாங்கக் கூடாது என்றது. அமெரிக்காவில் கணிப்பு மென்பொருள் கடைசி நேரத்தில் ஷிப்டை மாற்றி ஊழியரை அலைக்கழித்த பிறகு, 2014இல் சான் பிரான்சிஸ்கோ நகரமும் 2017இல் ஒரேகான் மாநிலமும் பெரிய நிறுவனங்கள் அட்டவணையை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டன. சுவரில் மாட்டிய தாளில் ஊழியர் தன் ஷிப்டோடு மேலாளருக்கு வேண்டியவரின் ஷிப்டையும் பார்த்தார். செல்போனில் தன்னுடையதை மட்டும் பார்க்கிறார். ஞாயிறு ஷிப்டு ஏன் தனக்கே தொடர்ந்து வருகிறது என்று அதனிடம் கேட்க முடியாது. ஷிப்டை மாற்றிக்கொள்ளும் பொத்தான் நல்லதுதான். எல்லோருடைய முறையையும் எல்லோரும் பார்க்கும் பக்கம், இந்த ஒதுக்கீடு ஏன் என்று ஒரு வரி, இது சரியில்லை என்று எழுதினால் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு ஆள்: இவை மூன்றும் அடுத்த பதிப்பில் வந்தால், பாசி எடுக்கும் பெண்ணுக்கு நிலாவும் சக பெண்களோடு வைத்துக்கொண்ட வரம்பும் தருவதில் பாதியாவது கடை ஊழியருக்குக் கிடைக்கும்.