பிக்சர் டியூப் கண்ணாடி மலிவான கதை

எண்பதுகளில் டிவி வாங்கிய வீடுகளில் ஒரு வசனம் தவறாமல் கேட்கும். "ஏண்டா, டிவிக்குள்ளேயே போய் உட்காரப் போறியா? தள்ளி உட்கார், கண் கெட்டுப்போயிடும்!" நம் அம்மாக்களும் மனைவிமார்களும் சொன்ன இந்த எச்சரிக்கைக்குப் பின்னால் உண்மையாகவே ஒரு சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தில் முக்கியப் பாத்திரம் பிக்சர் டியூபின் கண்ணாடி.

நான் முப்பது வருடங்களுக்கு மேல் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன். பல்பு, டியூப்லைட்டுக்கான கண்ணாடிதான் எங்கள் சரக்கு. பிக்சர் டியூப் கண்ணாடியை நாங்கள் செய்ததில்லை. ஆனாலும் எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்கு அதன்மேல் ஒரு தனி மரியாதை உண்டு. பல்பு கண்ணாடியின் பெரியண்ணன் அது. பெரியண்ணனுக்குப் பொறுப்பும் அதிகம்.

என்ன பொறுப்பு என்று கேட்பீர்கள். டியூபுக்குள் காற்றே கிடையாது, வெற்றிடம். வெளியே நம்மைச் சுற்றியுள்ள காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் சுமார் ஒரு கிலோ எடையோடு அழுத்துகிறது. 20 இஞ்ச் டிவியின் திரை ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் உயரம். பெருக்கிப் பாருங்கள், 1,200 கிலோ. ஒரு டன்னுக்கு மேற்பட்ட பாரத்தை அந்த முகப்புக் கண்ணாடி இரவு பகலாக, வருடக்கணக்கில் தாங்கிக்கொண்டு நம் ஹாலில் உட்கார்ந்திருந்தது.

அது மட்டும் போதாது. உள்ளே பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் ஓடும், அது கண்ணாடி வழியாகக் கசியக் கூடாது. பின்பக்கக் கழுத்தில் உலோகக் கம்பிகள் கண்ணாடிக்குள் நுழையும், அந்த ஒட்டு விரிசல் விடக் கூடாது. படம் தெரியும் முகப்பில் குமிழியோ உருகாத கல்லோ இருக்கக் கூடாது. இத்தனையும் இருந்தும், சாதாரணக் குடும்பம் வாங்கும் விலைக்குள்ளும் வர வேண்டும். கடைசி நிபந்தனைதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது.

கதை நடந்தது அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் உள்ள கார்னிங் என்ற சிறிய ஊரில். ஊரின் பெயரே கம்பெனியின் பெயர், கார்னிங் கிளாஸ் ஒர்க்ஸ். எடிசனின் மின்விளக்குக்குப் பல்பு ஊதிக் கொடுத்தது இந்தக் கம்பெனி. ஓவனில் வைத்தாலும் உடையாத பைரக்ஸ் பாத்திரங்களை 1915-ல் சந்தைக்குக் கொண்டு வந்ததும் இவர்களே. ஆகவே முப்பதுகளில் டெலிவிஷன் ஆராய்ச்சி செய்தவர்கள் பெரிய கண்ணாடிக் குடுவை தேடி இவர்களிடம்தான் போனார்கள். கார்னிங்கும் கையில் இருந்த பைரக்ஸ் வகைக் கண்ணாடியிலேயே ஊதிக் கொடுத்தது.

பைரக்ஸ் உறுதியானதுதான். ஆனால் அது உருக அதிகச் சூடு வேண்டும். போராக்ஸ் சேர்ப்பதால் விலையும் கூடும். நன்றாக ஊதத் தெரிந்த ஆள் ஒவ்வொன்றாக ஊத வேண்டும். 1939-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஆர்சிஏ கம்பெனி காட்டிய 12 இஞ்ச் டிவியின் விலை 600 டாலர். அன்றைக்கு அது கார் வாங்கும் பணத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். அந்த விலையில் டெலிவிஷன் பணக்காரர் வீட்டு விளையாட்டுப் பொருளாகவே நின்றிருக்கும்.

உலகப் போர் முடிந்ததும் நிலைமை மாறியது. 1946-ல் அமெரிக்காவில் தயாரான டிவி பெட்டிகள் சில ஆயிரங்கள்தான். 1950-ல் ஒரே வருடத்தில் 70 லட்சத்துக்கும் மேல்! நான்கே வருடத்தில் இப்படி ஒரு பாய்ச்சல். இத்தனை லட்சம் குடுவைகளை யார் வாயால் ஊதுவது?

முதலில் பைரக்ஸை விட்டுவிட்டு ஈயக் கண்ணாடிக்கு வந்தார்கள். ஈயம் சேர்த்த கண்ணாடி குறைந்த சூட்டில் இளகும், மின்சாரத்தைக் கசியவிடாது, கம்பியோடு நன்றாக ஒட்டும். பல்பின் உள்தண்டுக்கு நாங்களும் இதைத்தான் உருக்கினோம். ஆனால் மணல், சோடாவோடு ஒப்பிட்டால் ஈயம் பல மடங்கு விலை. எடையும் அதிகம். உலையில் உருகும்போது ஒரு பகுதி ஆவியாகிப் போய்விடும். அந்த ஆவியும் தூசியும் விஷம். எங்கள் கலவை அறையில் ஈயச் செந்தூரத்தைக் கையாண்டவர்களுக்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனை நடக்கும். ரிசல்ட் வரும்வரை அவர்கள் முகத்தில் இருக்கும் கலக்கம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அதனால் நாற்பதுகளின் இறுதியில் கார்னிங் ஆய்வுக்கூடத்துக்கு வந்த கேள்வி இதுதான்: ஈயம் இல்லாமல் பிக்சர் டியூப் கண்ணாடி செய்ய முடியுமா? அதைச் செய்து காட்டியவர் வில்லியம் ஆர்மிஸ்டெட் என்ற வேதியியலாளர். வெயிலில் கறுத்து நிழலில் வெளுக்கும் மூக்குக் கண்ணாடி பின்னாளில் வந்ததே, அதைக் கண்டுபிடித்தவர்களிலும் இவர் ஒருவர்.

ஈயத்துக்குப் பதில் பேரியம் வந்தது. கூடவே சோடாவும் பொட்டாஷும். சோடா மலிவு, பொட்டாஷ் விலை அதிகம். பிறகு ஏன் இரண்டும்? அதில் ஒரு நுணுக்கம் உண்டு. கண்ணாடிக்குள் மின்சாரம் கசிவது சோடியம் அயனிகள் நகர்வதால். பொட்டாசியத்தையும் ஏறக்குறைய சம அளவில் சேர்த்தால், குறுகிய சந்தில் இரண்டு ஊர்வலங்கள் எதிரெதிரே வந்து சிக்கிக்கொண்ட மாதிரி ஒன்றையொன்று நகரவிடாது. கசிவு வெகுவாகக் குறைந்துவிடும். ஈயம் செய்த வேலையில் ஒரு பகுதியை இந்த நெரிசலே செய்துவிட்டது.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. கழுத்துப் பகுதியில் கம்பிகள் ஒட்ட வேண்டியிருப்பதால் அங்கே ஈயக் கண்ணாடியை விட முடியவில்லை. அப்படியானால் புதுக் கண்ணாடி அந்தக் கழுத்தோடு ஒட்டும்போது இரண்டும் சூட்டில் ஒரே அளவு விரிந்து, ஒரே அளவு சுருங்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறும்போதே 'டப்' என்று தெறிக்கும். ஈயக் கண்ணாடி ஒரு மீட்டர் நீளத்தை 100 டிகிரி சூடாக்கினால் சுமார் 0.89 மில்லிமீட்டர் நீளும். புதிய பேரியம் கண்ணாடியையும் அதே 0.89-க்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கலவையில் ஒரு பொருளை மாற்றினால் மற்ற எல்லாக் குணங்களும் ஆட்டம் காணும் என்பது இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும். சாம்பாரில் புளியைக் குறைத்துவிட்டு அதே ருசியைக் கொண்டுவருவது போன்ற வேலை.

இந்த மாற்றத்தில் ஒளிந்திருந்த பெரிய யோசனையைப் பாருங்கள். டியூப் முழுவதற்கும் ஒரே உயர்ந்த கண்ணாடி தேவையில்லை. முகப்பு, நடுவில் புனல், பின்னால் கழுத்து என்று பிரித்து, விலை கூடிய சரக்கை அது தேவைப்படும் இடத்தில் மட்டும் போட வேண்டும். மலிவுக்கான வழி அதுதான்.

செய்முறையிலும் ஒரு புதுமை வந்தது. கார்னிங்கில் ஜேம்ஸ் கிஃபன் என்பவர், உருகிய கண்ணாடிக் கட்டியைப் புனல் வடிவ அச்சில் போட்டு, அச்சையே வேகமாகச் சுழற்றினார். தயிர் கடையும்போது மோர் பானையின் ஓரத்தில் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல் கண்ணாடி தானாக அச்சின் சுவரில் ஏறிப் புனலாகிவிட்டது. ஊதும் ஆளே தேவையில்லை.

இவ்வளவுக்கும் அவசரம் இருந்தது. 1949-ல் ஆர்சிஏ 16 இஞ்ச் டியூபுக்கு உலோகப் புனல் கொண்டு வந்துவிட்டது. முகப்பும் கழுத்தும் மட்டும் கண்ணாடி, நடுவில் எஃகு. கண்ணாடிக்காரர்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது. ஆனால் அந்த எஃகுப் புனலிலேயே உயர் மின்னழுத்தம் நிற்கும், தொட்டால் ஆபத்து, தனி உறை போட வேண்டும். மலிவான புதுக் கண்ணாடியும் சுழல் அச்சும் கைகொடுக்க, சில வருடங்களில் கண்ணாடிப் புனலே ஜெயித்தது.

பிறகு கலர் டிவி வந்தது, பழைய கணக்கெல்லாம் மாறியது. கலர் டியூபின் உள்ளே துளைகள் நிறைந்த மெல்லிய உலோகத் தட்டும், மூவண்ணப் பூச்சும் வைக்க வேண்டும். அதற்காக முகப்பைத் தனியாக வைத்து வேலை முடித்த பிறகே புனலோடு ஒட்ட முடியும். தீயில் உருக்கி ஒட்டினால் பூச்சு பாழாகும். அதற்காக ஈயம் மிக அதிகமாக உள்ள ஒரு கண்ணாடிப் பொடியைப் பசைபோல் தடவி, 440 டிகிரி அளவிலேயே ஒட்டும் முறையைக் கண்டுபிடித்தார்கள். ஈயம் மறுபடி உள்ளே வந்துவிட்டது.

அதைவிடப் பெரிய காரணம் எக்ஸ்ரே. வேகமாக வரும் எலக்ட்ரான் திரையில் மோதி நிற்கும்போது எக்ஸ்ரே பிறக்கும். கறுப்பு வெள்ளை டிவியில் மின்னழுத்தம் குறைவு, அதனால் பலவீனமான கதிர்கள் கண்ணாடிக்குள்ளேயே அடங்கிவிடும். கலர் டிவியில் 25,000 வோல்ட், அதற்கு மேலும் உண்டு. 1967-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் பெரிய திரைக் கலர் டிவிகள் பலவற்றில் அளவுக்கு மீறி எக்ஸ்ரே கசிவதாகத் தெரியவந்தது. கசிவு பிக்சர் டியூபிலிருந்து வரவில்லை, பெட்டிக்குள் இருந்த மின்னழுத்தச் சீராக்கி வால்விலிருந்து வந்தது. ஆனால் பயம் டிவி என்ற பெட்டியின் மீதே படிந்தது. ஆறடி தள்ளி உட்காருங்கள் என்று அமெரிக்க சுகாதார அதிகாரிகள் சொன்னார்கள். 1968-ல் கதிரியக்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பெட்டியிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் மணிக்கு 0.5 மில்லி ராண்ட்ஜனுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரையறை வைத்தார்கள்.

எக்ஸ்ரேயைத் தடுக்க ஈயம்தான் சிறந்தது. ஆனால் முகப்பில் ஈயத்தை அதிகம் சேர்த்தால் எலக்ட்ரான் அடி பட்டுப்பட்டுக் கண்ணாடி பழுப்பாகிவிடும், படம் மங்கும். அதற்கும் விடை கண்டார்கள். முகப்பில் ஈயத்துக்குப் பதில் ஸ்ட்ரான்ஷியம். கலர் டிவியில் பிறக்கும் வலுவான கதிர்களை அது நன்றாக விழுங்கும், பழுப்பேறாது. கூடப் பேரியமும், நிறம் மாறாமல் காக்கக் கொஞ்சம் சீரியமும். பழுப்பானாலும் யாரும் பார்க்கப் போகாத புனலில் சுமார் 22 சதவீதம் ஈயம். கழுத்தில் சுமார் 30 சதவீதம். மறுபடியும் அதே பழைய யோசனை: எது எங்கே வேண்டுமோ அது அங்கே. பட்டாசில் சிவப்பு நிறம் தருவதற்குத்தான் ஸ்ட்ரான்ஷியத்தை நமக்குத் தெரியும். அது வருடக்கணக்கில் டிவி முகப்பில் உட்கார்ந்து நம் பிள்ளைகளுக்குக் காவல் நின்றிருக்கிறது.

சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியபோது சாலிடேர், டயனோரா பெட்டிகளில் நாம் பார்த்தது கறுப்பு வெள்ளை. 1982-ல் கலர் வந்தது. 2006-க்குப் பிறகு தமிழக அரசு ஒரு கோடிக்கும் மேலான வீடுகளுக்கு 14 இஞ்ச் கலர் டிவியை இலவசமாகவே கொடுத்தது. 600 டாலரில் தொடங்கிய பொருள், அரசாங்கம் வீட்டுக்கு ஒன்று கொடுக்கும் அளவுக்கு மலிவானதில் அந்தக் கண்ணாடிக் கலவைக்காரர்களின் பங்கு சிறியதல்ல.

ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை. எல்சிடி வந்தபின் அந்தப் பெட்டிகள் குப்பைக்குப் போகின்றன. நடுத்தர அளவுள்ள ஒரு கலர் டியூபில் ஒரு கிலோ ஈயமோ அதற்கு மேலுமோ இருக்கும். முன்பு பழைய டியூப் கண்ணாடியை உருக்கிப் புது டியூப் செய்தார்கள். இப்போது புது டியூபே கிடையாது, அந்தக் கண்ணாடியை வாங்க ஆளில்லை. உள்ளிருக்கும் செம்புக் கம்பிக்காகப் பழைய இரும்புக் கடையில் சுத்தியலால் போட்டு உடைக்கிறார்கள். வெற்றிடம் உள்ள டியூப் உடையும்போது சில்லுகள் தெறிக்கும், பூச்சுத் தூள் பறக்கும், ஈயக் கண்ணாடி மண்ணில் கலக்கும். எங்கள் கலவை அறையில் இருந்தவர்களுக்காவது ரத்தப் பரிசோதனை இருந்தது. இந்தக் கடைப் பையன்களுக்கு அதுவும் கிடையாது.

பரணிலோ மாடியறையிலோ உங்கள் பழைய டிவி இன்னும் இருந்தால் தயவுசெய்து பிரிக்காதீர்கள், உடைக்கக் கொடுக்காதீர்கள். மின்னணுக் கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்களிடம் முழுசாக ஒப்படையுங்கள். நூறு, இருநூறு ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும் பரவாயில்லை.