வெள்ளரிக்காய் மேல் விழுந்த பழி

இன்னைக்கு நாம பேசப்போறது ஒரு கைப்பிடி வெந்தய முளையின் வரலாறு.

2011 மே மாதம். வட ஜெர்மனியில், நேற்றுவரை நல்லா இருந்தவங்க ரத்த வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பிச்சாங்க. பலருக்குச் சிறுநீரகமே செயலிழந்தது. காரணம், ஈ.கோலை ஓ104 என்ற பாக்டீரியா. மே 26 அன்று ஹாம்பர்க் அதிகாரிகள் ஸ்பெயின் வெள்ளரிக்காயைக் கைகாட்டினாங்க. விற்காத காய் எல்லாம் குப்பைக்குப் போச்சு. கடைசியில் பார்த்தால், வெள்ளரியில் இருந்தது வேற ரகக் கிருமி!

சாலட் மேல தூவின நாலு முளை எந்த நோயாளிக்கு ஞாபகம் இருக்கும்? அதனால ஆய்வாளர்கள் ஓட்டல் சமையல்காரரிடம் போய், எந்தத் தட்டில் என்னென்ன போட்டீங்கன்னு கேட்டாங்க. ஜூன் 10 அன்று குற்றவாளி யாருன்னு அறிவிச்சாங்க: முளைகள். எகிப்திலிருந்து வந்த வெந்தய விதைதான் மூலம் என்று ஐரோப்பிய விசாரணை முடிவுக்கு வந்தது. இறந்தவர்கள் 50-க்கும் மேல்.

ஏன் முளை? விதை முளைக்க ஈரமும் வெதுவெதுப்பும் வேணும். கிருமிக்கும் அதேதான். விதையின் விரிசலுக்குள் ஒளிஞ்சிருந்தா, கழுவினாலும் போகாது. வேகவைத்தால் சாகும், ஆனா அந்த மொறுமொறுப்பு போயிடும்.

இங்கேதான் கதிர்வீச்சு வருது. கோபால்ட்-60 விடும் காமா கதிர், கிருமியின் டி.என்.ஏ.வை உடைக்கும். உணவு கதிரியக்கப் பொருளா மாறாது. 2000-லேயே அமெரிக்கா, முளைக்கப்போடும் விதைக்கு 8 கிலோகிரே வரை அனுமதி கொடுத்தது. ஆனா அளவு கூடினா விதையின் முளைப்புத்திறன் குறையும். மும்பை டிராம்பேயில் இருக்கிற பாபா அணு ஆராய்ச்சி மையம் வேற வழியில் போச்சு. பச்சைப்பயறு, கொண்டைக்கடலையை முளைகட்டிய பிறகு, முளைக்கே 2 கிலோகிரே கொடுத்துப் பார்த்தாங்க. சால்மொனெல்லா, லிஸ்டீரியா ஒழிந்தன. சத்தும் பெரிசா குறையலை. இதெல்லாம் 2011-க்கு முன்னாடியே நடந்தது.

அந்த மரணங்களுக்குப் பிறகு, 2013-ல் ஐரோப்பிய ஒன்றியம் முளைகளுக்குப் புது விதிகள் போட்டது: எந்த விதை எங்கிருந்து வந்ததுன்னு பதிவேடு, கிருமிப் பரிசோதனை. கதிர்வீச்சு அதில் இல்லை. அவங்க பொது அனுமதிப் பட்டியலில் உலர்ந்த மூலிகை, மசாலா வகைகள்தான்.

பண்ணைச் சுத்தத்துக்குக் கதிர்வீச்சு மாற்று இல்லை, ஒத்துக்கறேன். கதிர் பட்ட முளையை அழுக்குக் கையால் தொட்டா கிருமி திரும்ப வரும். ஆனா 'கதிர்வீச்சு' என்ற சொல்லுக்குப் பயப்படுற நாம, பச்சையா சாப்பிடுற முளைக்குப் பயப்படுறதே இல்லை. ஜெர்மனியில் ஆளைக் கொன்றது எதுன்னு யோசிங்க. அதுவரைக்கும், வீட்டில் முளைகட்டின பயறை வேகவைத்தே சாப்பிடுங்க.