பயணச்சீட்டு செல்லாது என்றால் பயணியை இறக்கிவிட முடியுமா? சட்டம் சொல்வது என்ன?

திருவனந்தபுரம்: பயணச்சீட்டு செல்லுமா என்ற வாக்குவாதம் சில வேளைகளில் விபரீதத்தில் முடிகிறது. 2024 ஏப்ரல் 2-ஆம் தேதி திருச்சூர் அருகே எர்ணாகுளம்-பாட்னா விரைவு ரயிலில், சீட்டின்றிப் பயணித்தவர் கீழே தள்ளிவிட்டதில் பயணச்சீட்டுப் பரிசோதகர் உயிரிழந்தார். இரண்டே நாள்களில், திருவனந்தபுரத்திலிருந்து புறப்பட்ட ஜன் சதாப்தி ரயிலிலும் பரிசோதகர் ஒருவர் தாக்கப்பட்டார்.

இத்தகைய தகராறுகளுக்கு 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டமே அடிப்படை. உரிய சீட்டு இல்லாதவரிடம் பிரிவு 138-இன்படி பயணக் கட்டணத்துடன், அதற்கு இணையான தொகை அல்லது ரூ.250, இவற்றில் எது அதிகமோ அது கூடுதலாக வசூலிக்கப்படும். காத்திருப்புப் பட்டியலிலேயே நின்றுவிட்ட இணையவழிச் சீட்டுடன் ஏறுபவரும் சீட்டில்லாதவராகவே கருதப்படுவார். இறுதிப் பட்டியல் தயாரானதும் அச்சீட்டு தானாக ரத்தாகி, பணம் திரும்பிவிடும்.

ஏமாற்றும் நோக்கம் இருந்தால் மட்டுமே பிரிவு 137 பொருந்தும். அதற்கு 6 மாதம் வரை சிறை, ரூ.1,000 வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். அறியாமல் செய்த தவறையும் மோசடியையும் சட்டம் ஒன்றாகப் பார்ப்பதில்லை.

பணம் செலுத்த மறுப்பவரை பிரிவு 139-இன்படி இறக்கிவிடலாம். ஆனால், ஆண் துணையின்றி வரும் பெண்ணையோ குழந்தையையோ பகலில் மட்டுமே, அதுவும் பயணம் தொடங்கிய நிலையம், சந்திப்பு, முனையம் அல்லது மாவட்டத் தலைநகர் நிலையத்தில்தான் இறக்கலாம். திருவனந்தபுரம் சென்ட்ரலில் பகலில் இது இயலும். வழியில் உள்ள வர்க்கலாவில் நள்ளிரவில் இயலாது. பரிசோதகரின் முடிவை ஏற்காதவர்கள், பணம் செலுத்தி ரசீது பெற்ற பின் 139 என்ற உதவி எண்ணில் புகார் அளிக்கலாம். சட்டப் பிரிவுக்கும் அதே எண் அமைந்தது தற்செயலே.